புது சைலன்சர் மாட்டும்போது இணைப்புகளில் புகை கசியாமல் அடைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பைக்கில் புது சைலன்சர் மாட்டிய மறுநாளே பலரும் கேட்கும் கேள்வி: "ஹெட் (இன்ஜினில் புகைக் குழாய் தொடங்கும் மேல்பகுதி) பக்கம் டிக் டிக்கென்று சத்தம் வருகிறது, எந்தப் பேஸ்ட் போட்டால் நிற்கும்?" பெரும்பாலும் எந்தப் பேஸ்டும் வேண்டியிருக்காது என்பதுதான் என் பதில். சுத்தமான முகம் (இணைப்பில் ஒன்றோடொன்று சேரும் பரப்பு), புது பேக்கிங் (இடுக்கை அடைக்கும் வளையம்), இழுபறி இல்லாமல் உட்கார்ந்த குழாய் இந்த மூன்றும் இருந்தால் புகை தானாக அடைபடும். மூன்றில் ஒன்று குறைந்தால் எத்தனை ட்யூப் பேஸ்டைப் பிதுக்கினாலும் அது சில நாள் தாங்கிவிட்டு உதிர்ந்துபோகும். பேஸ்டுக்கு வேலை உள்ள இடமும் உண்டு. அது எந்த இடம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கசிவு ஏன் இவ்வளவு தொல்லை

எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது புகை ஒரு அலையாகக் குழாய்க்குள் பாய்கிறது. அந்த அலை குழாயின் மறுமுனையைத் தொட்டுத் திரும்பும்போது அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே இறங்கிவிடுகிறது. ஆகவே ஒரு சின்ன இடுக்கு இருந்தால் அது புகையை வெளியே துப்புவதோடு நிற்காது, அடுத்த நொடிக்குள் வெளிக்காற்றை உள்ளே இழுக்கவும் செய்யும். ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்னால் டப் டப்பென்று வெடிக்கிறதே, அதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எரியாமல் வந்த பெட்ரோல் ஆவி, இடுக்கு வழியாக வந்த காற்றோடு சேர்ந்து சூடான குழாய்க்குள்ளேயே பற்றிக்கொள்கிறது. எல்லா வெடிச் சத்தமும் கசிவு அல்ல. மாசு குறைப்பதற்காக ஹெட்டுக்குள் காற்றை அனுப்பும் அமைப்பு உள்ள பைக்குகளில் சைலன்சர் மாற்றியதும் இந்தச் சத்தம் கூடலாம். புதிதாக வந்த சத்தம் என்றால் இணைப்புகளை முதலில் சந்தேகப்படுங்கள்.

எஃப்ஐ பைக்கில், அதாவது கணினி கணக்கிட்டு இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைத் தெளிக்கும் பைக்கில், இன்னொரு சிக்கலும் உண்டு. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் காற்று புகுந்தால், கலவையில் பெட்ரோல் குறைவு என்று சென்சார் தவறாகச் சொல்லும், கணினியும் பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் குறையும், பிளக் கறுக்கும். காரணம் எங்கோ இருக்க, நீங்கள் இன்ஜெக்டரைக் கழுவிக்கொண்டிருப்பீர்கள்.

முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

உங்கள் பைக்குக்கான புது எக்ஸாஸ்ட் பேக்கிங், சிலிண்டருக்கு ஒன்று வீதம். குழாயும் சைலன்சரும் சேரும் நடு இணைப்பில் கிராஃபைட் பேக்கிங் இருந்தால் அதுவும் புதிதாக வேண்டும். துரு இளக்கும் எண்ணெய், கம்பி பிரஷ், நைசான உப்புத்தாள், வளைந்த முனையுள்ள கொக்கி ஊசி, நல்ல டார்ச், டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்), செம்பு கலந்த ஆன்ட்டி சீஸ் (மரை ஒட்டிப் பிடிக்காமல் காக்கும் பூச்சு), கொஞ்சம் கிரீஸ், கையுறை, கண்ணாடி. ஸ்பிரிங் வைத்த சைலன்சர் என்றால் ஸ்பிரிங் இழுக்கும் கொக்கியும் தேவை. குழாயின் விட்டத்தை அளக்க வெர்னியர் காலிபர் இருந்தால் பிறகு தலைவலி மிச்சம்.

"பழைய பேக்கிங் நன்றாகத்தானே இருக்கிறது" என்று நினைக்க வேண்டாம். அது நசுங்கியே அடைக்கும்படி செய்யப்பட்ட பொருள், ஒருமுறை நசுங்கினால் அதன் வேலை முடிந்தது. கெட்டிச் செம்பு வளையத்தைப் பழுக்கக் காய்ச்சி ஆற்றினால் மறுபடி இளகும் என்பது உண்மை. ஆனால் இளக்கத்தைத் திருப்பித் தருகிற சூடு, நசுங்கிப் போன கனத்தைத் திருப்பித் தராது. பைக்கில் வருவது பெரும்பாலும் உள்ளே பொள்ளலாகவோ நார் அடைத்தோ செய்த வளையம் என்பதால் அந்த வித்தையும் அங்கே செல்லாது.

பழையதைக் கழற்றுவது

இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகே கை வைக்க வேண்டும். ஹெட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரை போட்ட கம்பிகளான ஸ்டட்டுகளைக் கம்பி பிரஷால் தேய்த்து, நட்டும் மரையும் சேரும் இடத்தில் துரு எண்ணெய் விடுங்கள். முடிந்தால் முந்தைய இரவே விட்டு, காலையில் இன்னொரு முறை விடுங்கள். அவசரப்படுபவர் ஸ்டட்டை உடைப்பது இந்த இடத்தில்தான். 6 மி.மீ. ஸ்டட் என்றால் அது சுண்டு விரலைவிட மெலிந்த கம்பி. வருடக்கணக்கில் சூடேறி ஆறிச் சோர்ந்துபோனது.

ஸ்பேனரைப் போட்டு ஒரேயடியாக அவிழ்க்காமல், முதலில் இம்மியளவு இறுக்குகிற பக்கம் தள்ளிப் பாருங்கள். துருவின் பிடி அறுபட்டால் கையில் ஒரு 'டிக்' தெரியும். பிறகு அவிழ்க்கும் பக்கம் கால் சுற்று, மறுபடி உள்ளே கொஞ்சம், மறுபடி வெளியே. நட்டு கிரீச்சிட்டுக்கொண்டே வந்தால் நிறுத்திவிட்டு எண்ணெய் விடுங்கள். அவிழ்க்கும்போது ஸ்பேனர் ரப்பரைத் திருகுவதுபோல் நெகிழ்ந்து போனால், அது நட்டு சுழல்வது அல்ல, ஸ்டட் முறுக்கேறுவது. உடனே கையை எடுத்துவிடுங்கள். அப்போது நட்டைச் சுற்றிலும் சூடாக்கினால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். ஆனால் எண்ணெய் விட்ட இடத்திலும் பெட்ரோல் டேங்குக்கு அருகிலும் தீயைக் கொண்டுபோகும் வேலை, கைப்பழக்கம் உள்ளவருக்கே உரியது.

அப்படியும் உடைந்துவிட்டால், அலுமினிய ஹெட்டை டிரில் போட்டுக் குதற வேண்டாம். மிச்சம் நிற்கும் தண்டில் ஒரு நட்டை வெல்டு வைத்துத் திருகி எடுக்கத் தெரிந்தவரிடம் வண்டியைக் கொண்டுபோங்கள்.

நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து கழன்று வந்தால் கவலை வேண்டாம், அது நல்லதே. புது ஸ்டட்டில் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டிவிட்டு, வெளி நட்டைத் திருகினால் ஸ்டட் ஹெட்டுக்குள் இறங்கிவிடும். எவ்வளவு நீளம் வெளியே நிற்க வேண்டும் என்பதைப் பக்கத்து ஸ்டட்டைப் பார்த்து ஒப்பிடுங்கள்.

நட்டுகளை எடுத்ததும் குழாயை இழுக்காதீர்கள். ஆக்சிஜன் சென்சார் ஒயரின் கனெக்டரை முதலில் பிரித்துவிட்டு, ஒரு கையால் சைலன்சரைத் தாங்கியபடி கடைசி போல்ட்டைக் கழற்றுங்கள். சில பைக்குகளில் பிளேஞ்சுக்கு (குழாயை ஹெட்டோடு சேர்த்துப் பிடிக்கும் தகடு) பின்னால் இரண்டு பாதியாக ஒரு காலர் இருக்கும். அது கீழே விழுந்து உருளும், கவனம்.

போர்ட்டுக்குள் பாருங்கள்

போர்ட் என்பது ஹெட்டில் புகை வெளியேறும் துளை. இந்த ஒரு வேலைக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஒற்றை சிலிண்டர் பைக் ஒன்றில் புது வளையம் வைத்து, முறைப்படி இறுக்கி, ஸ்டார்ட் செய்தேன். டிக் டிக் சத்தம் அப்படியே இருந்தது. கழற்றி, இன்னொரு புது வளையம் வைத்தேன். மறுபடியும் அதே சத்தம். மூன்றாவது முறை டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு போர்ட்டுக்குள் பார்த்தேன். வட்டமாக, கருகருவென்று, அலுமினியத்தோடு அலுமினியமாக ஒரு விளிம்பு தெரிந்தது. ஹெட்டின் பகுதி என்றே நினைத்திருந்த அந்த விளிம்பைக் கொக்கி ஊசியால் கீறினேன். கரி உதிர்ந்த இடத்தில் மெல்லிய கோடாகச் செம்பு மின்னியது. பழைய வளையம்! நசுங்கி, கரி பூசிக்கொண்டு, ஹெட்டோடு ஒட்டிப் போயிருந்தது. நான் அதன் மேலேயே புது வளையத்தை வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று இருந்தால் குழாய் ஆழமாக இறங்காது, நேராகவும் நிற்காது.

ஆகவே போர்ட்டின் அடி விளிம்பை ஊசியால் கட்டாயம் கீறிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். செம்பு நிறமோ, பின்னல் போன்ற கம்பியோ, கறுத்த நாரோ தெரிந்தால் பழைய பேக்கிங் உள்ளேதான் இருக்கிறது. ஊசியின் வளைந்த முனையை வளையத்தின் உள்விளிம்பில் மாட்டி, ஒரே இடத்தில் நெம்பாமல் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஊசி அலுமினியத்தை ஆழமாகக் கீறிவிட்டால் அந்தக் கோடே அடுத்த கசிவுக்கு வழியாகும். ஸ்க்ரூ டிரைவரையும் உளியையும் கொண்டு இடிக்கவே கூடாது.

வளையம் வந்த பிறகு போர்ட் வாயில் துணியைத் திணித்துக்கொண்டு, பேக்கிங் உட்காரும் முகத்தை உப்புத்தாளால் மெதுவாகத் துடையுங்கள். துகள் வால்வு பக்கம் போகக் கூடாது என்பதற்காகவே துணி. வேலை முடிந்ததும் அந்தத் துணியை வெளியே எடுத்தீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். புதுக் குழாயின் முனையையும் விரலால் தடவிப் பாருங்கள். வெல்டிங் பொட்டு, பிசிறு, சப்பை இருந்தால் இப்போதே அரத்தால் தேய்த்துச் சரிசெய்யுங்கள்.

இந்த முகத்தில் பேஸ்ட் வேண்டாம். ஹெட்டை விட்டு வெளிவரும் புகையின் வெப்பம், இன்ஜின் இழுக்கும்போது 600, 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சிவப்பு, செம்பு நிறங்களில் வரும் 'ஹை டெம்ப்' சிலிக்கான்கள் தொடர்ந்து தாங்குவது 250 முதல் 350 டிகிரி வரைதான். அது பொரிந்து உதிர்ந்துவிடும், பேக்கிங்கையும் சமமாக நசுங்க விடாது. பிளம்பிங் டேப்பைச் சுற்றுபவர்களும் உண்டு. அந்தப் பொருள் 330 டிகிரியை எட்டும் முன்பே உருகிவிடும், அதற்கு மேல் சூடானால் கிளம்பும் புகை நுரையீரலுக்குக் கேடு.

தொங்கவிட்டு மாட்டி, ஹெட்டிலிருந்து இறுக்குங்கள்

புது வளையம் கீழே விழாமல் நிற்க அதில் மூன்று இடத்தில் பொட்டு வைப்பதுபோல் கிரீஸ் தொட்டு, போர்ட்டுக்குள் ஒட்டிவையுங்கள். அந்தக் கிரீஸ் முதல் ஓட்டத்தில் எரிந்து போய்விடும். ஒரு பக்கம் சரிவாக இருக்கிற பேக்கிங் என்றால், எந்தப் பக்கம் குழாயைப் பார்க்க வேண்டும் என்பதைப் பழையதைக் கழற்றும்போதே கவனித்து வைத்திருங்கள்.

ஸ்டட் மரையில் ஆன்ட்டி சீஸை மெல்லிய பூச்சாகத் தடவி, பெண்ட் பைப்பை (ஹெட்டிலிருந்து வரும் வளைந்த குழாய்) ஏற்றி, நட்டுகளை விரலாலேயே திருகுங்கள். விரலால் திருக முடியாவிட்டால் குழாய் கோணலாக நிற்கிறது என்று பொருள். பிறகு சைலன்சரைச் சேர்த்து, சேஸிஸில் உள்ள பிராக்கெட் போல்ட்டையும் கையால் மட்டும் நுழைத்து விடுங்கள். எதையும் இறுக்க வேண்டாம். முழு எக்ஸாஸ்டும் லொடலொடவென்று தொங்கட்டும். இப்போது குழாயைப் பிடித்து மெதுவாக ஆட்டி, அது தானாகத் தன் இடத்தைத் தேடிக்கொள்ள விடுங்கள்.

பிராக்கெட் துளையும் சேஸிஸ் துளையும் நேராக வராமல் விரல் கனத்துக்கு விலகி நின்றால், நெம்பி இழுத்து போல்ட் போடாதீர்கள். அந்த இழுவை முழுவதும் ஹெட்டில் போய் நிற்கும். பேக்கிங் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் வாய் திறக்கும், நாளடைவில் வெல்டிங்கும் விரியும். வாஷரோ சின்னக் குழாய்த் துண்டோ கொடுத்து இடைவெளியை நிரப்புங்கள். பிராக்கெட்டில் ரப்பர் புஷ் இருந்தால் அதைத் தூக்கி எறியாமல் புது சைலன்சரிலும் மாட்டுங்கள்.

எல்லாம் இயல்பாக உட்கார்ந்த பிறகு ஹெட்டிலிருந்து தொடங்குங்கள். ஒரு நட்டில் அரைச் சுற்று, எதிர் நட்டில் அரைச் சுற்று என மாறி மாறி இறுக்குங்கள். பிளேஞ்சுக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இறுதி இறுக்கத்துக்கு உங்கள் பைக்கின் மேனுவல் சொல்வதே கணக்கு. பொதுவாக 6 மி.மீ. ஸ்டட்டுக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ. ஸ்டட்டுக்கு 20ஐ ஒட்டி இருக்கும். ஆன்ட்டி சீஸ் போட்ட மரை வழுக்கும் என்பதால் அதே அளவில் இறுக்கம் கொஞ்சம் கூடுதலாகவே விழும், எனவே அளவைத் தாண்ட வேண்டாம். பிளேஞ்ச் ஹெட்டைத் தொடும்வரை இறுக்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். பல பைக்குகளில் அங்கே இடைவெளி இருப்பதுதான் சரி. ஹெட்டுக்குப் பிறகு நடு இணைப்பு, கடைசியில்தான் பிராக்கெட்.

பல சிலிண்டர் பைக்கிலும் வரிசை இதுதான். எல்லா பிளேஞ்சுகளின் நட்டுகளும் விரல் இறுக்கத்துக்கு வந்த பிறகே முதல் நட்டில் ஸ்பேனர் பட வேண்டும்.

நடு இணைப்பு: பேஸ்டுக்கு வேலை உள்ள இடம்

பெண்ட் பைப்பும் சைலன்சரும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இடம் இது. முதலில் அளவு பாருங்கள். 2 அங்குலக் குழாய் என்பது 50.8 மி.மீ., அதை 50 என்றும் 51 என்றும் எழுதி விற்கிறார்கள். காலிபரால் மூன்று திசையில் அளந்தால் குழாய் சப்பையாக இருந்தாலும் தெரிந்துவிடும். கையால் திருகித் திருகித் தள்ளினால் உள்ளே போகும், ஆனால் ஆட்டினால் லொடலொடக்காது: இதுதான் சரியான பொருத்தம். சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி தெரிந்தால் அதற்கு மருந்து உலோக ஸ்லீவ்தான் (இடையில் செருகும் மெல்லிய குழாய்த் துண்டு), பேஸ்ட் அல்ல.

கிளாம்ப் வகையில், சைலன்சர் வாயில் நீளவாக்கில் வெட்டு இருக்கும். கிராஃபைட் பேக்கிங்கை உள்ளே வைத்து, குழாய் அந்த வெட்டு முடியும் இடத்தைத் தாண்டி நுழையும்வரை தள்ளுங்கள். நுழைய வேண்டிய ஆழத்தைக் குழாயில் டேப் ஒட்டி முன்பே குறித்துக்கொண்டால் சந்தேகமே வராது. டேப்பைப் பிறகு உரித்துவிடுங்கள். கிளாம்ப் வெட்டின் மேல் உட்கார வேண்டும். பேக்கிங் நன்றாக இருந்தால் இங்கும் பேஸ்ட் தேவைப்படாது.

ஸ்பிரிங் வைத்த இணைப்பில் பெரும்பாலும் பேக்கிங் கிடையாது, உலோகத்துக்குள் உலோகம். ஏன் ஸ்பிரிங்? ஸ்டெயின்லெஸ் குழாய் ஒரு மீட்டர் நீளம் இருந்து 400 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 மி.மீ. நீள்கிறது. அந்த நீட்சிக்கு எங்காவது இடம் கொடுக்க வேண்டும். இணைப்பு கொஞ்சம் நகர்ந்து கொடுக்க, ஸ்பிரிங் அதை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே இங்கே நெகிழ்கிற பொருள்தான் ஏற்றது: அதிக வெப்பம் தாங்கும் சிலிக்கான். ஹெட்டிலிருந்து தூரம் இருப்பதால் பெரும்பாலும் தாங்கிவிடும். மாறாக, ஆயிரம் டிகிரி தாங்கும் என்று விற்கப்படும் சிமென்ட் போன்ற எக்ஸாஸ்ட் பேஸ்ட், காய்ந்தால் கல். நகர்கிற இணைப்பில் அது வெடித்து உதிரும். கிளாம்பால் இறுகப் பூட்டிய இணைப்பில், பேக்கிங் கிடைக்காத நிலையில் மட்டும் அதைப் பயன்படுத்தலாம். அடுத்த முறை கழற்றும்போது தட்டித் தட்டி உடைக்க வேண்டியிருக்கும் என்பது தெரிந்தே போடுங்கள்.

சிலிக்கான் போடும் முறை: இரண்டு முகத்தையும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடையுங்கள். உள்ளே நுழைகிற குழாயின் வெளிப்புறத்தில், நுனியிலிருந்து 10 மி.மீ. தள்ளி, இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் ஒரே ஒரு வளையமாக இடுங்கள். நுழைக்கும்போது மிச்சம் வெளிப்பக்கமாகப் பிதுங்கி வரும், அதைத் துடைத்துவிடலாம். நுனியிலேயே தடவினால் பிதுங்கியது குழாய்க்குள் போய்த் தொங்கும். பின்னால் ஆக்சிஜன் சென்சாரோ புகையின் மாசைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்டரோ இருந்தால், 'சென்சாருக்குப் பாதுகாப்பானது' என்று பொட்டலத்தில் எழுதியிருக்கும் வகையை மட்டும் வாங்குங்கள். சாதாரண சிலிக்கானின் ஆவி சென்சாரைப் பாழாக்கிவிடும்.

ஸ்பிரிங்குகளைக் கொக்கியால் இழுத்து மாட்டும்போது கண்ணாடி போட்டுக்கொண்டு, முகத்தை நேர்க்கோட்டிலிருந்து விலக்கி வையுங்கள். மாட்டிய பிறகு சுருள்களுக்கு நடுவே கொஞ்சம் வெளிச்சம் தெரிய வேண்டும். தொளதொளவென்று இருந்தால் குழாய் தேவைக்கு மேல் உள்ளே போயிருக்கிறது.

பிறகு வண்டியை அப்படியே விட்டுவிடுங்கள். சிலிக்கான் முழுமையாக இறுக 24 மணி நேரம் ஆகும். மேலே தோல் கட்டியதை நம்பி ஸ்டார்ட் செய்தால் உள்ளே ஈரமாக இருப்பது கொப்பளித்து ஓட்டை விழும்.

ஸ்டார்ட் செய்து பார்ப்பது

ஸ்டார்ட் செய்யும் முன் குழாய் முழுவதையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். கைரேகை பட்ட இடம் சூட்டில் கறையாக நிரந்தரமாகப் பதிந்துவிடும். பிரேக் கிளீனரால் துடைப்பதானால் குளோரின் கலக்காதது வேண்டும், அது முழுவதும் உலரவும் வேண்டும். குளோரின் கலந்தது சூடான உலோகத்தில் பட்டால் கொடிய நச்சுவாயு உண்டாகும்.

வண்டி திறந்த வெளியில் நிற்கட்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. மூடிய அறையில் கசிவு தேடுவது உயிரோடு விளையாடுவது.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த முதல் ஒரு நிமிடம்தான் கசிவைப் பிடிக்கச் சரியான நேரம். சூடேறினால் உலோகம் விரிந்து சின்ன இடுக்குகள் மூடிக்கொள்ளும். கையுறை போட்ட கையை இணைப்புக்குக் கொஞ்சம் தள்ளி வைத்து, குழாயைத் தொடாமல் சுற்றிவாருங்கள். கசிவு இருந்தால் புஸ் புஸ்ஸென்று காற்று விட்டுவிட்டு அடிக்கும். உதவிக்கு ஆள் இருந்தால், மடித்த கனத்த துணியால் சைலன்சர் வாயை ஓரிரு நொடி பாதி மூடச் சொல்லுங்கள். அழுத்தம் கூடும்போது கசியும் இடம் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும்.

இன்ஜினை அணைத்த நிலையிலும் சோதிக்கலாம். வாக்யூம் கிளீனரின் ஊதும் முனையைச் சைலன்சர் வாயில் துணி சுற்றி அடைத்து, இணைப்புகளில் சோப்பு நீர் பூசுங்கள். நுரை குமிழும் இடமே கசிவு. சைலன்சரின் அடியில் ஊசித்துளை ஒன்றில் குமிழி வந்தால் பதற வேண்டாம், பலவற்றில் தண்ணீர் வடிவதற்காக அப்படி ஒரு துளை வைத்திருப்பார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது, காலையில் அதில் கொஞ்சம் குழாய்க்குள்ளேயே குளிர்ந்து சொட்டும். அதே சொட்டு நடு இணைப்பிலிருந்து வந்தால் அது கசிவு.

முதல் ஓட்டத்தில் வெள்ளைப் புகையும் எண்ணெய் வாசனையும் வரும், நீங்கள் வைத்த கிரீஸும் குழாயின் தயாரிப்பு எண்ணெயும் எரிவதுதான் காரணம். கால் மணி நேரம் நிதானமாக ஓட்டிவிட்டு, முழுவதும் ஆறவிட்டு, எல்லா நட்டுகளையும் டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபாருங்கள். முதல் சூட்டில் பேக்கிங் இன்னும் கொஞ்சம் நசுங்கி, ஹெட் நட்டுகள் சற்று இளகியிருப்பது இயல்பு. சூடாக இருக்கும்போது மட்டும் இறுக்காதீர்கள்.

சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை டார்ச்சோடு குனியுங்கள். பிளேஞ்ச் ஓரத்தில் விசிறி விரிந்ததுபோல் கரிக்கோடு படிந்திருந்தால், அந்தக் கோடு எந்தப் பக்கம் தொடங்குகிறதோ அந்தப் பக்கம்தான் பேக்கிங் சரியாக நசுங்கவில்லை. நட்டை மேலும் திருகாமல், பிராக்கெட் போல்ட்டைத் தளர்த்திப் பாருங்கள். குழாய் துள்ளி நகர்ந்தால் கோளாறு ஹெட்டில் இல்லை, பிராக்கெட்டில் இருக்கிறது. அதைச் சரிசெய்துவிட்டு, புது வளையத்தோடு முதலிலிருந்து மாட்டுங்கள்.